திரையில் தெரியும் வயிறு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வயிற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் சிரித்தார். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய உரைக்குப் பொருத்தம்தான் என்றார்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய், உயர்தரம் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான்கு மாதங்களாகப் பிள்ளைக்கு மாதவிடாய் வரவில்லை. தாயின் பயம் என்னவென்று உங்களுக்கே விளங்கும். அவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பரிசோதித்ததில் அப்படி எதுவும் இல்லை. பிள்ளை இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு நாளுக்கு இருநூறு தடவை படுத்து எழும்பியிருக்கிறாள். படத்தில் பார்த்த நடிகையின் வயிறு போல வரவேண்டுமாம்.

சிக்ஸ் பாக் என்று சொல்லும் தசை நம் எல்லோருக்கும் இருக்கிறது. விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நெடுக்காக இரண்டு தசைகள். அவற்றைக் குறுக்கே பிரிக்கும் நார்ப்பட்டிகள் பெரும்பாலானோருக்கு மூன்று; சிலருக்குக் கூடக்குறைய இருக்கும். அது பிறவி அமைப்பு. தசையை மூடியிருக்கும் கொழுப்பு மிகவும் குறைந்தால்தான் கட்டங்கள் தெரியும். படுத்து எழும்புவதால் தசை பலப்படும். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

2008 இல் வந்த 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு எங்கள் பெடியன்களும் ஜிம்முக்கு ஓடினார்கள். உடற்பயிற்சி நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திரையில் தெரிவது அந்தப் படப்பிடிப்பு நாளுக்கென்று தயாரித்த உடம்பு. ஹொலிவூட் நடிகர் ஹென்றி கவில், சேட் இல்லாத காட்சிகளுக்காக மூன்று நாள் தண்ணீரைக் குறைத்ததையும், கடைசி நாளில் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் மணக்கத் தொடங்கியதையும் தொலைக்காட்சியில் சொன்னார். 'பேவொட்ச்' படத்தில் நடித்த ஸக் எஃப்ரன், சிறுநீரைக் கூட்டும் மருந்து எடுத்ததையும், பிறகு நித்திரையின்றி மனச்சோர்வில் விழுந்ததையும் 2022 இல் வெளிப்படுத்தினார். நீர் வற்றினால் தோல் தசையோடு ஒட்டும், கமராவுக்கு அழகு. அதே நேரம் இரத்தத்தின் அளவு குறையும், பொட்டாசியம் தளம்பினால் இதயத் துடிப்பே பிசகலாம். பயிற்சியாளரும் சமையற்காரரும் கூடவே இருக்கும் நடிகர்களுக்கே இந்தக் கதி.

பெண்ணுக்கு இன்னும் கடினம். எங்கள் உடம்புக்கு ஆணைவிடக் கூடுதலான கொழுப்பு இயற்கையாகவே வேண்டும். சாப்பாடு போதாவிட்டால் மூளை சூலகத்துக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். மாதவிடாய் நிற்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு மெலியும். எலும்பு பலம் சேர்க்கும் வயதே இந்தப் பதின்ம வயதுதான். பிள்ளை பெற்ற நடிகை சில மாதங்களில் தட்டை வயிற்றோடு வந்து நிற்பதைப் பார்த்து அழுத தாய்மாரையும் நான் கண்டிருக்கிறேன். கர்ப்பத்தில் அந்த இரண்டு தசைகளும் நடுவே விலகுகின்றன. திரும்பச் சேர மாதக்கணக்கில் செல்லும், சிலருக்கு முழுதாகச் சேராது.

அந்தப் பிள்ளைக்கு நான் மருந்து எழுதவில்லை. இரவில் புட்டும் கறியும் சாப்பிடச் சொன்னேன். ஐந்தாம் மாதம் தாய் தொலைபேசியில் அழைத்து, "வந்திட்டுது டொக்டர்" என்றார். மகள் இன்னமும் கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டாகத் திரும்பி நிற்கிறாளாம். அதற்குத்தான் நாள் எடுக்கும்.

தங்கைமாரே, கேள்வி இருந்தால் துண்டில் எழுதித் தாருங்கள். பெயர் போட வேண்டாம்.