விளையாட்டு மாளிகையில் மக்களாட்சி
(இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறப்பணி மேடையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் மாலை நேரம் முழுவதும் இருக்குமிடம் அது. அங்கே ஆள்வது யார் என்பது நம் வீட்டுக் கேள்விதான்.

1990-இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 'லாம்டாமூ' என்ற களத்தைத் தொடங்கினார். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். தம் வீட்டையே மாதிரியாக வைத்து ஒரு மாளிகையை எழுத்தில் எழுப்பினார். புதியவர் முதலில் வந்து நிற்பது கோட்டு மாட்டும் சிற்றறையில்! வருபவர்கள் தமக்கென அறைகளும் அமைத்துக்கொண்டார்கள். நிர்வாகிகளுக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். ஓயாத பஞ்சாயத்தில் சலித்துப்போன கர்ட்டிஸ், மந்திரவாதிகள் இனி இயந்திரத்தை மட்டும் கவனிப்பார்கள் என்று 1992 இறுதியில் அறிவித்துவிட்டார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. பலர் கூடியிருந்த கூடத்தில், மற்றவர்களின் பாத்திரங்கள் மானக்கேடான செயல்களைச் செய்வதுபோல் ஒருவர் எழுத்துகளைத் தோன்றச் செய்தார். பாதிக்கப்பட்ட பெண்மணி ஒருவர் உண்மையாகவே கண்ணீர் விட்டார்.

ஒருவருடைய எழுத்து நம் திரையில் வராமல் தடுக்கும் கட்டளை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கும் முதலில் அது நியாயமாகவே பட்டது. பிறகு யோசித்தேன். திருமண மண்டபத்தில் ஒருவன் என் மகளை இழிவாகப் பேசுகிறான். நான் என் காதைப் பொத்திக்கொள்ளலாம். மண்டபத்தில் இருப்பவர்களின் காதுகளை என்ன செய்வது?

கூடிப் பேசினார்கள், முடிவு பிறக்கவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தாமாகவே அந்தப் பாத்திரத்தை நீக்கிவிட்டார். போனவனுக்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஒரே ஒருவர் நினைத்தால் ஒருவனை இல்லாமல் செய்துவிடலாம் என்பது உறுத்துகிறது. கர்ட்டிஸ் அதன்பின் மனு, வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவந்தார். ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் இருமடங்கு இருந்தால்தான் மனு நிறைவேறும். நல்ல விதி என்பேன். ஒரு வாக்கு வித்தியாசத்தில் எவரும் அடுத்தவர் அறைக் கதவைத் திறந்துவிடக் கூடாதல்லவா? பொதுக்கூடத்துக்குச் சட்டம் வேண்டும். தனியறையில் மனமொத்துப் பேசுவது வாக்குக்கு விடும் பொருளே அல்ல.

ஆனாலும் 1996-இல் மந்திரவாதிகள் மீண்டும் தலையிடுவதாக அறிவித்தார்கள். இயந்திர வேலை எது, ஊர் வேலை எது என்று பிரிக்க முடியவில்லையாம். சாவி அவர்கள் கையில்தானே இருந்தது! அதை வெளிப்படையாகச் சொன்ன மட்டில் அவர்களை மதிக்கிறேன்.

சென்ற ஆண்டு என் பேரன் விளையாடும் ஒரு களத்தில் அவன் கணக்கை மூடிவிட்டார்கள். விதியை மீறினாய் என்று ஒரு வரி மட்டும் வந்தது. எந்த விதி என்று சொல்லவில்லை. முறையிட வழியும் இல்லை. பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். நானும் அவனைத்தான் கேட்டேன்: "நீ என்னடா செய்தாய்?"