சைலன்சர் வழியாகப் போகிற காசு

(குடியிருப்போர் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், வண்டியை நகர்த்த உதவுவது ஏறத்தாழ முப்பது ரூபாய்தான். இன்னொரு முப்பது ரேடியேட்டரில் சூடாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது.

அதில் கொஞ்சத்தைப் பிடித்து வேலை வாங்குவதுதான் டர்போ. வெளியேறும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஊட்டி போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டிக்கு மூச்சு வாங்கும்.

நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய ஜோர்டான் காரில் டர்போ கிடையாது. புகையின் சக்தி காற்றோடு போனது. 2014 முதல் அதே பந்தயத்தில் டர்போ தண்டிலேயே மோட்டாரை இணைத்து மின்சாரம் எடுத்தார்கள். செலவும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் அதை நீக்கிவிட்டார்கள். அவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை. சைலன்சரில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிற சாமானை என்ன சொல்ல?

நம்ம பார்க்கிங்கிலும் டர்போ கார்கள் நிறைய வந்துவிட்டன. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். கோத்தகிரி மேட்டை விரட்டி ஏறி, டீக்கடையில் நிறுத்தியதும் இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்க. லாரி டிரைவர்களுக்கு இது பழக்கம். ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போடாதீங்க. டர்போ போனால் செலவு ஆயிரங்களில் நிற்காமல் போகலாம்.

ஆனால் காலையில் பேஸ்மென்ட்டில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு 'சூடாக்குவது' வேண்டாமுங்க. ஐடிலில் புகைக்கு வேகம் குறைவு, டர்போ ஏறக்குறைய சும்மா இருக்கும். அரை நிமிஷம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே போகலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. மூடின இடத்தில் அது தேங்கும். ரேம்ப் ஓரத்தில்தான் நம்ம வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி போட்டிருக்கிறார்.

கேள்வி இருந்தால் கேளுங்க.