புலவர் கதையும் வாசகர் பேச்சும்: கற்பிட்டி சைமன் காசிச்செட்டியின் நூலை முன்வைத்து

சைமன் காசிச்செட்டி 1807-இல் கற்பிட்டியில் பிறந்தவர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிப் புத்தளத்தில் மணியகாரரானார். சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து 1860-இல் மறைந்தார். மறைவுக்கு முந்திய ஆண்டு, 1859-இல், அவருடைய ‘தமிழ் புளூட்டாக்’ யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுத்து வரிசையில் தொகுத்த நூல் அது. 

காசிச்செட்டி பற்றிய தீர்ப்பு தமிழ்த்துறைகளில் எப்போதோ எழுதி முடிக்கப்பட்டது. முன்னோடி முயற்சி, கர்ணபரம்பரைக் கதைகளின் குவியல், கால ஆராய்ச்சி இல்லை. இலக்கிய வரலாற்று வகுப்பில் இந்த மூன்றையும் சொல்லி அடுத்த நூலுக்குப் போய்விடுவது வழக்கம். இத்தீர்ப்பில் பாதி சரி. புலவர் வாழ்க்கைக்கு இக்கதைகள் சான்றாக மாட்டா. ஆனால் அப்புலவர்களின் நூல்களைப் படித்தவர்களுக்கும் படிக்கக் கேட்டவர்களுக்கும் அவை சான்றாகும். ஏடு கட்டி வைத்தபின் திண்ணையிலும் மண்டபத்திலும் வாசகர் தமக்குள் பேசிக்கொண்டது எங்கும் பதிவாகவில்லை என்று கருத்தரங்குதோறும் குறைப்படுவோர், அந்தப் பேச்சு கதையாக உறைந்து கண்முன் கிடப்பதைப் பார்ப்பதில்லை.

கம்பரும் ஒட்டக்கூத்தரும் பற்றிய கதையே இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. சோழன் இருவரையும் இராமாயணம் பாடச் சொல்கிறான். கூத்தர் விரைந்து பாடி முடிக்கிறார். கம்பர் தொடங்கவே இல்லை. அரசன் கேட்டபோது, சேது கட்டும் இடம்வரை வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு பாட்டையும் அங்கேயே பாடிக் காட்டுகிறார் கம்பர். அதைக் கேட்டு நாணிய கூத்தர் வீட்டுக்குப் போய்த் தம் ஏடுகளைக் கிழித்தெறிகிறார். கம்பர் ஓடிவந்து கையைப் பிடித்தபோது மிஞ்சியது உத்தரகாண்டம் மட்டும். அதையே தம் நூலுக்கு ஏழாம் காண்டமாக ஏற்றுக்கொள்கிறார்.

வரலாற்றாசிரியருக்கு இதைத் தள்ளிவிட அரை நிமிடம் போதும். கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரின் அவையிலும் இருந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர். கம்பரை ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்போர் கணக்கில் இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வைத்தாலும் ஏடு கிழித்த காட்சிக்கு ஆதாரம் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதை ஏன் பிறந்தது? கம்பரின் நூல் ஆறு காண்டங்களோடு, முடிசூட்டு விழாவோடு நிற்கிறது. உத்தரகாண்டம் வேறு பெயரில் அதன் பின்னே வருகிறது. தொடர்ந்து படித்து வந்த வாசகனுக்கு ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குள் நுழைந்ததும் நடை மாறுவது தெரிந்திருக்கிறது. இது வேறு கை என்றான் ஒருவன். அப்படியானால் இது ஏன் இங்கே இருக்கிறது என்றான் மற்றவன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் கிழிந்த ஏட்டின் கதை. நடை வேறுபாட்டை வைத்து ஆசிரியரைப் பிரிக்கும் வேலை இன்று நடையியல் ஆய்வு என்ற பெயரில் பட்டம் பெறுகிறது. பெயர் தெரியாத வாசகர்கள் அதை முன்பே செய்திருக்கிறார்கள். முடிவை அடிக்குறிப்பாக எழுதாமல் கதையாகச் சொன்னது அவர்கள் குற்றமாகிவிட்டது.

திருவரங்கத்து அரங்கேற்றக் கதை இதைவிடத் தெளிவானது. இரணியன் வதைப் படலம் வான்மீகத்தில் இல்லை. கம்பர் அதை யுத்த காண்டத்தில், வீடணன் இராவணனுக்குச் சொல்லும் அறிவுரைக்குள் வைத்தார். மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று அறிஞர்கள் தடுத்தபோது, மேட்டழகிய சிங்கர் சன்னிதியில் நரசிங்கமே முழங்கித் தலையசைத்து ஒப்புதல் தந்தது என்கிறது கதை. அரங்கேற்ற மண்டபம் இன்றும் அச்சன்னிதிக்கு எதிரேதான் இருக்கிறது. சிங்கத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு வாதம். வழிநூல் எழுதுபவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு? வாசகர் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கிறார்கள். மறுப்பவர் பேச்சு அறிஞர் வாயிலும், ரசித்தவர் பேச்சு தெய்வத்தின் வாயிலும் வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பான்மை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு வேறு வாக்கெடுப்பு வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்தால் எந்தக் கட்டுக்கதையும் சான்றாகிவிடுமே என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான கேள்வி. ஆகாது. நூலில் கண்ணால் காணக்கூடிய ஏதோ ஒன்றுக்கு விடை சொல்லும் கதையை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். காளமேகம் திருவரங்கத்து மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தார் என்ற செய்தி அவர் பாட்டின் எந்தச் சிக்கலையும் தொடவில்லை, அதை ஒதுக்கலாம்.

வள்ளுவரும் ஔவையும் ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த உடன்பிறப்புகள் என்ற கதை இந்த அளவுகோலில் தேறுகிறது. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும் குறளுக்கு முன்னும் பின்னுமாகப் பயிலப்பட்டன. ஒன்றாகப் படிக்கப்பட்ட நூல்களின் ஆசிரியர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாயினர். அங்கே பதிவாகியிருப்பது பாடத்திட்டம்.

புகழேந்தி சிறையிலிருந்து, தண்ணீர் எடுக்க வந்த பெண்களுக்குக் கதைப்பாட்டுப் பாடினார் என்பதும் அப்படியே. நளவெண்பாவின் ஆசிரியர் பெயரில் அல்லி அரசாணி மாலை எப்படி வந்தது என்று வியந்த வாசகருக்கு அது சமாதானம். அக்கதைப்பாட்டுகளைக் கேட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அதில் தெரிகிறது.

காசிச்செட்டி இவற்றைக் கேட்டு எழுதவில்லை, முன்பிருந்த ஏடுகளைப் பார்த்து எழுதினார் என்றும் சொல்லப்படுகிறது. ‘தமிழ் நாவலர் சரிதை’ முன்பே இருந்தது. காவலி வேங்கடராமசுவாமி தக்காணக் கவிஞர் வரலாற்றை 1829-இல் கல்கத்தாவில் ஆங்கிலத்தில் அச்சிட்டார். இருக்கட்டும். ஏட்டில் ஏறிய பேச்சும் பேச்சுத்தான். 1886-இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபக’த்தில் பட்டியலை விரித்தார். 1946-இல் கொழும்பில் மறுபதிப்பு வந்தபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரன் குறிப்புகள் எழுதினார். குறிப்பு எழுதத் தகுந்தது என்று அவர் கருதிய நூலை இன்றைய தமிழ்த்துறைகள் புரட்டாமலே கடப்பது விந்தை. காசிச்செட்டி தம் நூலுக்குப் பெயரைக் கடன்வாங்கிய கிரேக்கர் புளூட்டாக்கும் பெரியோர் வரலாறுகளோடு நின்றவர் அல்லர். விருந்தில் நண்பர் பேசிக்கொண்டவற்றை ஒன்பது நூல்களாக எழுதி வைத்தவர்.

கற்பிட்டி, புத்தளம், சிலாபம் அடங்கிய இக்கரையில் வாசகர் பேச்சுக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் ஆடி விழாவும் தீமிதிப்பும் பாரதக் கதையோடு பிணைந்தவை. அங்கு கர்ணனைப் பற்றியும் சகுனியைப் பற்றியும் முதியோர் செய்யும் வழக்காடல் ஒலிப்பதிவு செய்யப்பட வேண்டும். உமறுப்புலவர், சீதக்காதி பற்றிப் புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களிடையே வழங்கும் கதைகளைச் சீறாப்புராணத்தின் படலங்களோடு ஒப்பிட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி 1742-இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலங்களில் எப்படிக் கேட்கப்பட்டது, தமிழ் பின்வாங்கிச் சிங்களம் முன்வந்த கடலோர ஊர்களில் அதைப் பற்றிய பேச்சு எந்த மொழியில் தொடர்ந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம்கள் கொண்டுவந்த வாசிப்பு நினைவுகள் இன்னொன்று. மூத்தவர்கள் குறைந்து வருவதால் முதலில் தொடங்க வேண்டியது அதுவே. வாசிகசாலைகளின் இரவல் பதிவேடுகளையும் அழியுமுன் படமெடுத்து வைக்கலாம். ‘தமிழ் புளூட்டாக்’கின் ஒவ்வொரு கதைக்கும் எதிரே அது விடைசொல்லும் நூற்பகுதியைக் குறிக்கும் அட்டவணை ஒன்றும் தேவை, ஓர் ஆய்வு மாணவர் ஈராண்டில் முடிக்கக்கூடிய வேலை அது.