பொறியியல் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம்? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

(ஜார்ஜ்டவுனில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பொறியியலாளர் அல்ல, சட்டம் படித்தவன். அப்படிப்பட்டவனுக்குப் பொறியியல் படிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு காரணம் இருக்கிறது. தவறான இடத்தில் சேர்ந்தவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம்தான் வருகிறார்கள். அப்போது வக்கீலால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இன்று கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன்.

முதலில் நாம் நிற்கும் இடத்தைப் பார்ப்போம்.

1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இண்டெல், ஹியூலெட் பேக்கார்ட், போஷ் போன்ற நிறுவனங்கள் அப்போதே வந்துவிட்டன. அந்தத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் நம் பெண்களும் ஷிப்டு முறையில் நின்றார்கள். வெளியே லோரி ஓட்டினோம், காவல் காத்தோம். நம் வீட்டுக்கு எதிரேயே ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் தொழில் இது. ஆனால் அங்கே பொறியியலாளர் நாற்காலியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? நிபோங் திபாலைப் பாருங்கள். யூ.எஸ்.எம்.மின் பொறியியல் வளாகம் 2001-இல் பேராக் துரோனோவிலிருந்து அங்கே வந்தது. விமானவியல், இரசாயனம், கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல், மூலப்பொருள் என்று ஆறு பள்ளிகள். சுற்றிலும் நம் முன்னோர் உழைத்த தோட்டங்கள். தோட்டத்துக்கும் வளாகத்துக்கும் சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்கத்தான் நமக்கு இத்தனை பாடு.

இது தானாக வந்த நிலை அல்ல. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைவிட இடங்கள் குறைவாக இருந்தால், மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒரு நியாயமான பங்கை ஒதுக்க அது வழி செய்தது. அதே அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, அரசு நடத்தும் கல்விக்கூடங்களில் மாணவர் சேர்ப்பிலும் கட்டணத்திலும் இன அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆவது பிரிவே மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. எல்லாம் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் உரக்கப் படித்து மற்றதை மெல்லப் படிப்பதுதான் நம் பிரச்சினை.

2002-இல் ஒதுக்கீட்டு முறை போய்த் தகுதி முறை வந்துவிட்டது என்றார்கள். ஆனால் ஒரே வாசலுக்கு இரண்டு படிக்கட்டுகள். ஒன்று மெட்ரிகுலேஷன், பெரும்பாலோருக்கு ஓராண்டு. மற்றொன்று எஸ்.டி.பி.எம்.; ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு. இரண்டும் வெவ்வேறு அமைப்புகள் நடத்தும் வெவ்வேறு தேர்வுகள். ஆனால் பல்கலைக்கழக இடத்துக்கு இரண்டின் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆயின. ஆனால் 90க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. அதாவது சீனர், இந்தியர், மற்றவர் எல்லோருக்கும் சேர்த்து 4,000. 2024 ஜூன் மாதம், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் 7 ஏ, 8 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளையின் நிலை என்ன? பொறியியலுக்குத் தேவையான கணிதமும் இயற்பியலும் அந்தப் பிள்ளைக்கு நன்றாக வரும். அவனுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த அநீதியை எதிர்த்துப் பேசுவது நம் கடமை. அதே சமயம் ஒன்றை மறக்கக்கூடாது. உரிமைப் போராட்டம் பல ஆண்டுகள் போகும். உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்துக்கோ கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் நல்ல முடிவை எடுத்தாக வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள்.

முதல் கேள்வி: பட்டத்தின் பெயர் என்ன?

"பொறியியல் இளங்கலை" வேறு, "பொறியியல் தொழில்நுட்ப இளங்கலை" வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டும் இருக்கும். பெர்லிஸ் யூனிமேப், மலாக்கா யூ.டி.இ.எம்., பத்து பகாட் யூ.டி.எச்.எம்., பகாங் யூ.எம்.பி.எஸ்.ஏ. ஆகியவற்றில் இதைக் கவனித்துப் பாருங்கள். முதல் பட்டம் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதியவும், பின்னர் அனுபவமும் தேர்வும் முடித்து நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகவும் வழி விடும். இரண்டாவது பட்டம் தொழில்நுட்பவியலாளர் பதிவுக்கு வழி விடும். தொழிற்சாலைக்குள் அதற்கும் நல்ல மதிப்பு உண்டு, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியியலாளர் ஆக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளை, தெரியாமல் மற்றப் பாதையில் ஏறிவிடக்கூடாது. தெரிந்து தேர்ந்தெடுத்தால் அது அவர் விருப்பம்.

இரண்டாவது கேள்வி: இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?

"எங்கள் பல்கலைக்கழகம் அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டது" என்று முகவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பொறியியலில் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, படிப்புக்கு. ஒரே கட்டடத்தில் மின்னியலுக்கு இருக்கும், இயந்திரவியலுக்கு இல்லாமல் போகலாம். அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். வாரியத்தின் கீழ் உள்ள பொறியியல் அங்கீகார மன்றம் இதன் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிள்ளையின் ஆசிரியரோ, தெரிந்த அண்ணனோ ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். புதிதாகத் தொடங்கிய படிப்பு என்றால் முதல் மாணவர் அணி கடைசி ஆண்டுக்கு வரும்வரை முழு அங்கீகாரம் வராது. அந்த அபாயத்தை உங்கள் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

இந்த அங்கீகாரத்துக்கு இன்னொரு பலன் உண்டு. 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்பு நாடானது. ஆகவே இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற உறுப்பு நாடுகள் தங்கள் படிப்புக்கு இணையாக ஏற்கின்றன. தமிழ்நாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் இதே விதிதான். இந்தியா 2014-இல் அந்த உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. ஆனால் அங்கேயும் எல்லாக் கல்லூரிப் பட்டங்களுக்கும் இது பொருந்தாது. தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். கல்லூரி வாசலில் பெரிய கோபுரம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: மொத்தச் செலவு என்ன, யார் கட்டுவது?

பொதுப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவருக்கு அரசு மானியம் உண்டு. தனியாரில் அது இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளை வளாகங்களில் நான்காண்டுக் கட்டணமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். பெட்ரோனாஸ், தெனாகா போன்ற அரசு சார்ந்த நிறுவனங்கள் தொடங்கிய பல்கலைக்கழகங்களும் சட்டப்படி தனியார்தான். பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சில பொதுப் பல்கலைக்கழகங்களிலும் யூ.பி.யூ. வழியன்றி நேரடியாகச் சேரும் பாதை இருக்கிறது. அதற்குக் கட்டணம் வேறு, மிக அதிகம். எந்தப் பாதையில் இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பி.டி.பி.டி.என். இருக்கிறதே என்பீர்கள். அது கடன், உதவித்தொகை அல்ல. உதாரணத்துக்கு 60,000 வெள்ளிக் கடன் என்று வையுங்கள். மாதம் 400 வெள்ளி கட்டினால் முதலை மட்டும் முடிக்கவே 150 மாதங்கள், அதாவது பன்னிரண்டரை ஆண்டுகள். பி.டி.பி.டி.என். போதாமல் அப்பாவின் சேமநிதியிலும் கை வைக்கிறோம், அம்மாவின் நகையை அடகு வைக்கிறோம், வங்கிக் கடனுக்கு மாமாவை ஜாமீனுக்கு இழுக்கிறோம். கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும் சுமை ஒரு குடும்பத்தின் மேல் ஏறுகிறது.

ஆகவே உதவித்தொகைகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். ஜே.பி.ஏ., மாநில அரசு, பினாங்கு இந்து அறப்பணி வாரியம், நிறுவனங்களின் உதவித்தொகை என்று ஒரு பட்டியல் போடுங்கள். நம் சமுதாயத்தின் பேரில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடா பீடோங்கில் இருக்கிறது. அங்கேயும் சரி, வேறெங்கும் சரி, இதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நம்முடையது என்பதற்காக ஒரு கேள்வியைக் குறைக்க வேண்டாம்.

நான்காவது கேள்வி: இந்த வாசல் மூடினால் அடுத்த வாசல் எது?

மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்ற கடிதம் வந்ததும் அடுத்த நாளே தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடுகிறோம். கல்லூரி முகவர்களுக்கு இந்தப் பதற்றம் நன்றாகத் தெரியும். பொறுங்கள். ஆறாம் படிவம் இருக்கிறது. அது கடினம்தான், ஆனால் செலவு மிகக் குறைவு. உலகம் முழுவதும் மதிக்கப்படும் சான்றிதழ். பாலிடெக்னிக் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவிலேயே செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமாவில் நல்ல புள்ளி எடுத்தால் அதிலிருந்து பட்டப்படிப்புக்குப் போகலாம், சில இடங்களில் பாடக் கழிவும் தருவார்கள்.

ஒன்றைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாசல்களில் பல நான்காம் படிவத்திலேயே மூடிவிடுகின்றன. கூடுதல் கணிதமும் இயற்பியலும் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் வழி மிகக் குறுகிவிடும். "உன் பையனுக்கு அறிவியல் வேண்டாம், சிரமம்" என்று பள்ளியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். காரணம் கேளுங்கள். புள்ளிகளைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கடினமான கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குப் பெர்லிஸிலோ பத்து பகாட்டிலோ அங்கீகாரம் பெற்ற பொதுப் பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது. வீட்டுக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் இருக்கிறது, கடனோடு. "பொம்பளப் பிள்ளை, அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று தயங்குகிறோம். அனுப்புங்கள். பஸ்ஸில் எட்டு மணி நேரம் என்பது நான்கு ஆண்டுத் தொல்லை. கடன் பன்னிரண்டு ஆண்டுத் தொல்லை. தூரத்துக்குப் பயந்து பெண்ணின் தலையில் கடனை ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது.

கேட்ட படிப்பு கிடைக்காமல் வேறெதுவோ கிடைத்தால்? மேல்முறையீட்டு விதிகள் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். கால அவகாசம் சில நாட்கள்தான். அறிவிப்பை முழுவதும் படிக்கும் முன் கிடைத்த இடத்தை நிராகரிக்காதீர்கள். மேல்முறையீட்டில் கண்ணீர்க் கதை எழுதாதீர்கள். புள்ளி, புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ், குடும்ப வருமானச் சான்று, எந்தப் படிப்பு, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தை நம் பிள்ளைகள் சும்மா விட்டுவிடுகிறார்கள். சாரணர், செம்பிறை, சதுரங்கம் எதுவானாலும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் நகல் வையுங்கள்.

அந்த நகல்களால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் பலன் என்று நினைக்க வேண்டாம். நாம் அரசிடம் கேட்பது பெரிய சலுகை அல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் சேர்ந்தவர்களின் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளி என்ன, மெட்ரிகுலேஷனிலிருந்து எத்தனை பேர், எஸ்.டி.பி.எம்.மிலிருந்து எத்தனை பேர், நிராகரித்ததற்குக் காரணம் என்ன என்பதை எழுத்தில் சொல்லுங்கள் என்கிறோம். மறைக்க ஒன்றுமில்லை என்றால் சொல்வதில் என்ன தயக்கம்? ஆனால் "எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை" என்று மேடையில் முழங்கினால் அது உணர்ச்சி. இருபது குடும்பங்களின் விண்ணப்பம், புள்ளி, நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றை வரிசையாக வைத்தால் அது ஆதாரம். முழக்கத்துக்கு அமைச்சர் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆதாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசைக்கு வாருங்கள். சலுகைக் கடிதம் கையில் உள்ளவர்கள் அதைக் காட்டுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம். நிராகரிப்புக் கடிதம் உள்ளவர்கள் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் அனுமதியின்றி யாருக்கும் காட்டமாட்டோம். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், இன்றிரவு போடாதீர்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுங்கள்.