மேடை காலியான பிறகும் பாட்டு நிற்கவில்லை

நிறைய பேர் என்கிட்ட கேட்கிற ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். "ராக் பாட்டுல போய் ஆன்மிகம் தேடுறது கொஞ்சம் ஓவரா இல்லையா?"

நியாயமான சந்தேகம்தான். காதலிக்கு எழுதின பாட்டுல 'நீ' வர்ற இடத்துல எல்லாம் கடவுளை உட்கார வெச்சா, எந்தப் பாட்டும் பக்திப் பாட்டாயிடும். அதனால இன்னிக்கு ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கறேன். அதோட வரிகள் எங்கிருந்து வந்ததுன்னு நமக்குத் தெளிவாவே தெரியும்.

யூ2 குழு 1983-ல் வெளியிட்ட 'வார்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பேரு வெறும் ஒரு எண்: '40'. ஆல்பம் வேலை முடியப்போற நேரம். டப்ளின்ல இருக்கிற ஸ்டூடியோவைக் காலி பண்ணணும். பேஸ் கிட்டார் வாசிக்கிற ஆடம் கிளேட்டன் ஏற்கெனவே கிளம்பிட்டார். அதனால கிட்டாரிஸ்ட் எட்ஜே பேஸையும் வாசிச்சார். உட்கார்ந்து வரிகள் யோசிக்க நேரமில்லை. பாடகர் போனோ பைபிளைத் திறந்து, நாற்பதாம் சங்கீதத்தை எடுத்துக்கிட்டார். தமிழ் பைபிள்ல அந்தப் பகுதிக்குப் பேரே 'சங்கீதம்'தான், கவனிச்சிருக்கீங்களா? அது பாடறதுக்காக எழுதினது.

அந்தச் சங்கீதம் ஒரு காத்திருப்புல தொடங்குது. எபிரேய மூலத்துல 'காத்திரு'ங்கிற வினைச்சொல் அடுத்தடுத்து ரெண்டு தடவை வரும். நாம 'காத்துக் காத்து'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. சேத்துக் குழியில கிடந்தவனைக் கடவுள் தூக்கி விடறார். அவன் காலைப் பாறை மேல நிறுத்தறார். அவன் வாயில ஒரு புதுப் பாட்டு வருது. இதைத்தான் போனோவும் பாடறார்.

இதோட நிறுத்தியிருந்தா அது ஒரு அழகான நன்றிப் பாட்டு, அவ்வளவுதான். ஆனா கோரஸ்ல திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வருது. இன்னும் எத்தனை காலம் இதையே பாடிக்கிட்டிருக்கணும்னு. அந்தக் கேள்வி நாற்பதாம் சங்கீதத்துல இல்லை. ஆறாம் சங்கீதத்துல இருக்கு. ராத்திரி முழுக்க அழுது படுக்கையை நனைச்ச ஒருத்தன் கடவுள்கிட்ட கேட்கிற கேள்வி அது.

இதே கேள்வி ஆல்பத்தோட முதல் பாட்டான 'சண்டே பிளடி சண்டே'யிலயும் இருக்கு. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துல, உரிமை கேட்டு ஊர்வலம் போனவங்க மேல பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் அன்னிக்கே 13 பேர் இறந்துபோனாங்க. அந்த ரத்தத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியோட ஆல்பம் தொடங்குது. அதே கேள்வியைக் கடவுள் பக்கம் திருப்பிக் கேட்டு முடியுது. நடுவுல யாரும் பதில் சொல்லலை.

எனக்கு இந்தப் பாட்டு ஏன் முக்கியம்னு சொல்லணும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூல இருந்த நாட்கள். பார்க்க வந்தவங்க எல்லாரும் "எல்லாம் நல்லதுக்குத்தான், நம்பு"ன்னு சொன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு அது தொண்டைக்குள்ள இறங்கவே இல்லை. கும்பிடக் கை எழும்பலை. வராந்தா நாற்காலியில உட்கார்ந்து இந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். என் கோபத்தை ஓரமா வெச்சுட்டு வான்னு அது சொல்லலை. கோபத்தோடயே கேள்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

அப்பா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டார். ஆனா வலது கை இன்னும் சரியா வரலை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடறேன். நன்றியும் இருக்கு, கேள்வியும் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடலை. பிறகு நாற்பதாம் சங்கீதத்தை முழுசா படிச்சப்ப, அதுவும் அப்படித்தான் இருந்துச்சு. முதல் பாதியில பாறை மேல நின்னவன், பின்பாதியில மறுபடியும் கஷ்டத்துல சிக்கி, தாமதம் பண்ணாதேன்னு கெஞ்சறதோட அது முடியுது. போனோ அந்தப் பின்பாதியைப் பாடலை. ஆனா அதோட தவிப்பை வேற ஒரு சங்கீதத்துலேர்ந்து கொண்டுவந்து சேர்த்துட்டார்.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். பாட்டுக்குள்ள நமக்குப் பிடிச்ச பதிலைத் திணிக்கறது ஒண்ணு. பாட்டு ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருக்கிற கேள்வியில நாமும் போய்ச் சேர்ந்துக்கறது இன்னொண்ணு. ரெண்டாவதைத்தான் நான் ஆன்மிகம்னு சொல்றேன். அதுக்கு நீங்க கிறிஸ்தவரா இருக்கணும்னு இல்லை. கடவுள் இருக்காரான்னு முடிவு பண்ணிட்டு வரணும்னும் இல்லை.

இந்தப் பாட்டை யூ2 பல வருஷம் கச்சேரியோட கடைசியில வாசிச்சாங்க. மேடையில எட்ஜும் ஆடமும் கிட்டாரையும் பேஸையும் மாத்திக்குவாங்க. பாட்டு நடக்கும்போதே ஒவ்வொருத்தரா மேடையை விட்டு இறங்கிப் போவாங்க. கடைசியா டிரம்ஸ் வாசிக்கிற லாரி மல்லனும் எழுந்து போயிடுவார். ஆனா கூட்டம் பாடறதை நிறுத்தாது. விளக்கு போட்ட பிறகும், வெளியே நடந்து போகும்போதும், அந்தக் கேள்வியையே பாடிக்கிட்டுப் போவாங்க.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. அப்புறம் அந்த ரெண்டு சங்கீதத்தையும் படிங்க, மொத்தமா பத்து நிமிஷம்கூட ஆகாது. உங்க கேள்வி எதுன்னு உங்களுக்கே தெரியும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.