கூட வந்தவருக்கும் சிகிச்சை

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் வழியில், ஜவ்வாது மலை அடிவாரம் சேருமுன் பாகாயம் வரும். அருவிக்கும் விலங்குப் பூங்காவுக்கும் போகிற அவசரத்தில் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு அங்கேதான் இருக்கிறது.

மனநோயாளியைப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த 1950களில், கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் இந்தப் பிரிவைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும். மருந்தை எப்படிக் கொடுப்பது, ஆத்திரப்படுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று அந்த வீட்டாருக்கும் சொல்லித் தருவார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் அரிதான நாட்டில் இது சிக்கனமும்கூட. பின்னாளில் மனநல மருத்துவர் ஆபிரகாம் வர்கீஸ் இந்த வேலூர் முறையைப் பற்றி எழுதினார்.

வீட்டாரின் பேச்சு அவ்வளவு முக்கியமா? லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய் தணிந்து வீடு திரும்பி, ஓயாமல் குறைசொல்லும், வெறுப்பைக் காட்டும், அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப்பொத்திப் பார்க்கும் உறவினரோடு வாழ்ந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 சதவீதம்தான். பாசம்கூட அளவு மீறினால் பாரம் என்பது நமக்குக் கசப்பான செய்திதான். சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, லண்டனைவிட இங்கே அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவு என்று தெரிந்தது. அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குத்திப் பேசும் நாக்கு இங்கும் உண்டு.

குத்திப் பேசுவது மட்டுமல்ல, ஒதுக்கப்படுவதும் வலிக்கும்; அது மூளையிலும் பதிகிறது. 2003-இல் கலிஃபோர்னியாவில் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் சிலரைக் கணினியில் பந்து விளையாடவைத்து, நடுவில் அவர்களுக்குப் பந்தே வராமல் செய்துவிட்டு மூளையைப் படம்பிடித்தார்கள். உடல்வலியின்போது இயங்கும் ஒரு பகுதி அப்போதும் இயங்கியது. இரண்டு வலியும் ஒன்றேதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மீண்டும் வேலூருக்கு வருவோம். மனநோய் எதனால் வருகிறது என்று டாக்டர் கே. எஸ். ஜேக்கப் குழுவினர் அங்கே விசாரித்தபோது, செய்வினை, கர்மவினை, நோய் என்று பல காரணங்களைப் பலர் ஒரே நேரத்தில் நம்புவது தெரிந்தது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. கோயிலுக்குப் போகிறவர் மருந்தை விட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு, தூங்காமல், ஒதுங்கியே இருந்தால், ஏசாதீர்கள், ஒளித்துவைக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், நீங்களும் கூடவே இருங்கள்.