வெப்ப நாட்டு விமானியும் வெண்பனியும்



வெயிலிலே பழகிய விமானி ஒருவன் பனி பொழியும் ஊரிலிருந்து விமானத்தைக் கிளப்ப நேர்ந்தால், அவனுக்கு வேண்டிய புதிய கல்வி யாது? கைத்திறன் என்று பலர் நினைப்பர். தன் பழக்கத்தைத் தானே சந்தேகிக்கும் ஜாக்கிரதைதான் முதலில் வேண்டுவது என்பது என் கருத்து. அதற்குக் காரணமான விபத்து ஒன்றைச் சொல்கிறேன்.

1982-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கடும் பனி பெய்துகொண்டிருந்தது. ஏர் புளோரிடா கம்பெனியின் போயிங் 737 விமானம் ஒன்று, பனி அபூர்வமாகவே விழும் புளோரிடாவுக்குத் திரும்பக் காத்திருந்தது. அவ்வகை விமானத்தில் பனிக்கிடையே ஏறியோ இறங்கியோ தலைமை விமானிக்கு இருந்த அனுபவம் எட்டே முறை. துணை விமானிக்கு இரண்டே முறை.

இறக்கைகளின் மேலிருந்த பனியை மருந்து நீர் தெளித்து அகற்றினார்கள். ஆனால் அதன் பின்னர் விமானம் கிளம்பச் சுமார் 49 நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பனி மீண்டும் படிந்துவிட்டது. முன்னால் நின்ற ஜெட் விமானத்தின் வெப்பக் காற்று பனியைக் கரைக்குமென நம்பி, அதன் பின்னே நெருங்கி நின்றார்கள். கரைந்த நீர் திரும்ப உறையும் என்பதைப் பனி நாட்டார் அறிவர்.

கிளம்புமுன் துணை விமானி ஒரு பட்டியலை வாசிப்பார். தலைவர் விடை கூறுவார். இஞ்சினில் பனி உறையாமல் தடுக்கும் சாதனத்தைப் பற்றிக் கேட்டபோது, அது இயக்கப்படவில்லை என்ற விடையே வந்தது. புளோரிடாவில் நாள்தோறும் சொல்லி வந்த விடை அது. அன்றும் நாக்கு தானாகவே சொல்லிவிட்டது என்பது என் ஊகம்.

அதனால் விளைந்ததைக் கேளுங்கள். இஞ்சினின் முகப்பில் ஒரு சிறு குழாய், உட்புகும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. பின்புறம் வெளியேறும் வாயுவின் அழுத்தத்தை வேறொன்று அளக்கிறது. இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டே இஞ்சினின் வலிமை மதிப்பிடப்படுகிறது. முன்குழாயின் வாயைப் பனிக்கட்டி அடைத்தால் விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அன்று முள் 2.04 என்று காட்டியது. இஞ்சின் உண்மையில் கொடுத்தது ஏறக்குறைய 1.70 மட்டுமே. மற்றக் கருவிகள் மெய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஓடுபாதையில் விரைகையில், ஏதோ சரியில்லையெனத் துணை விமானி பலமுறை சொன்னார். தலைவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. எழும்பிய சுமார் 30 விநாடிகளில் விமானம் ஒரு பாலத்தில் மோதி, உறைந்த பொட்டோமாக் நதியில் வீழ்ந்தது. பாலத்தில் சென்ற நால்வர் உட்பட 78 பேர் மாண்டனர். விமானத்தில் இருந்தவர்களில் ஐவரே பிழைத்தனர்.

இவ்வளவு மெல்லிய பனியால் இத்தனை கேடு வருமா எனச் சிலர் கேட்கக்கூடும். இறக்கையின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானால், அதன் தூக்கும் சக்தி 30 சதவிகிதம் வரை குறையலாம். காற்றின் தடை 40 சதவிகிதம் வரை கூடலாம். சுமையால் அன்று, இறக்கையின் வடிவம் கெடுவதால் நேரும் ஆபத்து இது.

பனி நாட்டாரும் இதில் தவறுவதுண்டு. 1992-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் இருமுறை பனி நீக்கிய விமானமொன்று, பின்னும் காத்திருந்து கிளம்பி வீழ்ந்ததில் 27 பேர் இறந்தனர். அவ்வாண்டே அமெரிக்க அரசு விதிகளைக் கடுமையாக்கியது.

இன்று வெப்ப நாட்டு விமானிகளும் பனிக்காலப் பறத்தலை, தரையிலுள்ள மாதிரி விமானி அறையில் பயின்ற பின்னரே செல்கின்றனர். தெளித்த மருந்து எத்தனை நிமிஷம் காக்கும் என்பதற்கு, பனியின் வகைக்கும் வேகத்துக்கும் தக்க அட்டவணை உண்டு. தடித்த பச்சை நிற மருந்து ஒன்று, இறக்கையில் படலமாக நின்று, விமானம் வேகம் கொண்டதும் வழிந்துபோகும். குறித்த நிமிஷம் கடந்துவிட்டால், இறக்கை சுத்தமாயிருப்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அல்லது வரிசையை விட்டு விலகி, மறுபடியும் மருந்து தெளிக்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். நேரமாகிறதே என்று பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.